பாகம் பிரிந்த கற்கள்

புனே மாவட்டத்தில் தளேகாவ் என்று மட்டும் சொன்னால் போதாது. "எந்தத் தளேகாவ்?" என்று திருப்பிக் கேட்பார்கள். லோணாவளா போகும் உள்ளூர் ரயில் நிற்கிற ஊர் தளேகாவ் தாபாடே. புனேவுக்கு வடகிழக்கே, சிரூர் வட்டத்தில் இருப்பது தளேகாவ் டமடேரே. முதல் ஊரில் நான் குடியிருந்தபோது எனக்கு வர வேண்டிய புத்தகப் பொதி ஒன்று இரண்டாவது ஊருக்குப் போய்ச் சேர்ந்து, பத்து நாள் கழித்து மூலை நசுங்கி வந்தது. முகவரியில் தாபாடே என்ற ஒரு சொல்லை எழுத விட்டுவிட்டார்கள்.

அந்தச் சொல் ஒரு குடும்பப் பெயர். சத்ரபதி சாகு 1717இல் கண்டேராவ் தாபாடேயை மராட்டியப் படைக்குச் சேனாபதி ஆக்கினார். அந்தக் குடும்பத்தின் ஊர் இது. ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரித்து அறிய ஜனங்கள் குடும்பத்தின் பெயரை ஒட்டவைத்தார்கள். வானியலாளர்களும் ஏறக்குறைய இதையே செய்திருக்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் சிறுகோள்களில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவை இன்று கணக்கில் ஏறியிருக்கின்றன. அவற்றில் பெரும்பங்குக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. ஆனாலும் கொரோனிஸ் குடும்பம், ஈயோஸ் குடும்பம், தெமிஸ் குடும்பம், ஃபுளோரா குடும்பம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களாக அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

குடும்பம் என்பதைவிடப் பங்காளிகள் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சேர்ந்து வாழ்பவை அல்ல இவை. ஒரு காலத்தில் ஒரே கல்லாக இருந்து, பாகம் பிரிந்து, ஆளுக்கொரு வழியாகப் போனவை. இன்று ஒன்றுக்கொன்று கோடிக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. பக்கத்தில் தெரிகிற இரண்டு கற்கள் உறவாக இருக்க வேண்டியதில்லை. சூரியனுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இருப்பவை உடன்பிறப்பாக இருக்கலாம். அப்படியானால் உறவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கண்டுபிடித்தவர் ஜப்பானின் கியோத்சுகு ஹிராயாமா. ஆண்டு 1918. அவர் கையில் இருந்தவை சுமார் 790 சிறுகோள்களின் பாதைகள். கணினி இல்லை, காகிதமும் பென்சிலும்தான். சிறுகோளின் பாதை நிலையானதல்ல. வியாழனும் சனியும் இடைவிடாமல் இழுப்பதால் அதன் வடிவமும் சாய்வும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். காற்றில் ஆடும் தென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டை இருக்கும் இடத்தை வைத்து மரத்தின் இடத்தைச் சொல்ல முடியாது. ஆட்டத்தின் நடுவைக் கணக்கிட்டால் அடிமரம் எங்கே என்று தெரிந்துவிடும். ஹிராயாமா, கோள்களின் இழுப்பால் வரும் ஆட்டத்தைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு சிறுகோளுக்கும் மாறாமல் எஞ்சும் மூன்று அளவுகளைப் பார்த்தார்: சூரியனிடமிருந்து சராசரித் தூரம், பாதை எவ்வளவு நீள்வட்டம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் வரைபடத்தில் புள்ளிகளாக இட்டபோது கொரோனிஸ், ஈயோஸ், தெமிஸ் என்ற மூன்று சிறுகோள்களைச் சுற்றிப் புள்ளிகள் மொய்த்திருந்தன. தற்செயலாக அப்படி மொய்க்க வழியில்லை. இவை ஒரே கல் உடைந்து வந்தவை என்று அவர் எழுதினார். நூறாண்டு கடந்தும் அந்த மூன்றில் ஒன்றையும் யாரும் மறுக்கவில்லை. வானியல் வரலாற்றில் ஹிராயாமாவுக்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உடைந்த துண்டுகள் ஏன் மொத்தமாகச் சிதறிவிடவில்லை? இதற்குப் பதில் வேகத்தில் இருக்கிறது. சிறுகோள் பட்டையில் இரண்டு கற்கள் மோதும்போது அவற்றின் வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பெரிய துப்பாக்கியின் குண்டு கூட இதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் மோதலின் ஆற்றலில் பெரும்பகுதி கல்லை நொறுக்குவதிலும் சூடாக்குவதிலும் செலவாகிவிடுகிறது. துண்டுகள் தாய்க் கல்லை விட்டுப் பிரியும் வேகம் நொடிக்குச் சில பத்து மீட்டர், மிஞ்சினால் சில நூறு மீட்டர். அந்தத் தாய்க் கல்லோ சூரியனை நொடிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடும் ரயிலிலிருந்து யாரோ கடலைத் தோலைத் தட்டிவிட்டது போன்றதுதான் இந்தப் பிரிவு. பாதை கொஞ்சம் மாறும், தடம் அதேதான்.

இன்னொன்றும் நடக்கிறது. நொறுங்கிய துண்டுகளில் பல, மெதுவாக விலகும்போதே, ஒன்றின் ஈர்ப்பில் ஒன்று சிக்கித் திரும்பக் குவிகின்றன. ஆகவே குடும்பத்தின் பெரிய உறுப்பினர்கள் ஒரே பாளமாக இருப்பதில்லை. ஜல்லிக் குவியல் போல இருக்கிறார்கள். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005இல் இடோகாவா என்ற சிறுகோளுக்குப் போய்ப் பார்த்தபோது, அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கற்களும் சரளையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பின்னர் மாதிரி எடுத்து வந்த ரியூகு, பென்னு இரண்டும் அதே மாதிரிக் குவியல்கள்தான். பட்டையின் உள்பகுதியில் இருக்கும் போலானா, யூலாலியா குடும்பங்களில் ஒன்றிலிருந்து அவை வந்திருக்கக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் மதராஸ் வானாய்வகம் இருந்தது. தமிழிலும் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் அங்கே இருக்கிறது. 1861இல் அரசு வானியலாளராக வந்த நார்மன் போக்சன், அதே ஆண்டு ஏப்ரலில் 67ஆம் சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதன் பெயரே ஆசியா. விண்மீன் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, இரவுக்கு இரவு எந்தப் புள்ளி இடம் மாறியது என்று கண்ணால் ஒப்பிட்டுத் தேடும் வேலை அது. 1866இல் 87ஆம் சிறுகோள் சில்வியா, 1868இல் 107ஆம் சிறுகோள் கமில்லா. மூன்று சிறுகோள்களும் அன்று வெறும் ஒளிப்புள்ளிகள்.

சில்வியா சுமார் 270 கிலோமீட்டர் அகலமுள்ள கல். 2001இல் அதைச் சுற்றி ஒரு நிலவு தெரிந்தது. 2005இல் இரண்டாவது நிலவும் இருப்பதாக அறிவித்தார்கள். இரண்டு நிலவுகளோடு தெரிய வந்த முதல் சிறுகோள் அதுதான். நிலவுகள் சுற்றும் விதத்திலிருந்து எடையைக் கணக்கிட்டபோது, சில்வியா தண்ணீரைவிடச் சற்றே கனமானது என்று தெரிந்தது. பாறை அவ்வளவு லேசாக இருக்க வழியில்லை; உள்ளே வெற்றிடம் நிறைய இருக்க வேண்டும். அதாவது பழைய மோதலில் நொறுங்கிக் குவிந்த குவியல். 2010இல் சில்வியாவைச் சுற்றி ஒரு குடும்பமும் இருப்பதைக் காட்டினார்கள். மிகப் பழைய குடும்பம். கமில்லாவுக்கும் இரண்டு நிலவுகள் தெரிந்துவிட்டன. போக்சன் நுங்கம்பாக்கத்திலிருந்து கண்ட இந்த இரண்டு புள்ளிகளும், வியாழனுக்கு இன்னும் நெருங்கிய பட்டையின் வெளி ஓரத்தில், பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மோதல் ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்தத் துண்டுகளை நகர்த்துவது எது என்பதுதான் இந்தத் துறையில் என்னை அதிகம் ஈர்த்த கேள்வி. பதில், வெயில்.

மொட்டைமாடியில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும். உச்சிப் பொழுதைவிடப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தரை அதிகம் சுடும். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது சாயங்காலம் வரை கக்கிக்கொண்டிருக்கும். சிறுகோளும் அப்படித்தான். சுழலும் கல்லின் பிற்பகல் பக்கம் காலைப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது. வெப்பமும் ஒளியைப் போலப் போகும்போது ஒரு மெல்லிய உதை கொடுத்துவிட்டுப் போகும். சூடான பக்கத்திலிருந்து உதை கூடுதல். கல் தன் பயணத் திசைக்கு ஏற்றாற்போல் சுழன்றால் இந்த உதை அதை முன்னே தள்ளும். பாதை சூரியனை விட்டு மெல்ல விலகும். எதிர்த் திசையில் சுழன்றால் சூரியனை நோக்கி மெல்ல உள்ளே வரும்.

ரஷ்யாவில் ரயில்வேயில் வேலை பார்த்த பொறியாளர் இவான் யார்கோவ்ஸ்கி 1900 வாக்கில் இதைப் பற்றி ஒரு சிறு வெளியீடு போட்டார். யாரும் கவனிக்கவில்லை. எஸ்தோனிய வானியலாளர் எர்ன்ஸ்ட் ஓபிக் அதை இளவயதில் படித்திருந்தார். 1951இல் நினைவிலிருந்தே எடுத்து, யார்கோவ்ஸ்கியின் பெயரையும் சொல்லி எழுதினார். அந்த நினைவு தவறியிருந்தால் இந்த விளைவுக்கு வேறு யாருடைய பெயராவது வந்திருக்கும்.

உதை எவ்வளவு சிறியது என்று பாருங்கள். பட்டையில் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள கல்லை அது ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நகர்த்தும். ஒரு பேருந்தின் நீளத்தைப் போல மூன்று மடங்கு. பத்து லட்சம் ஆண்டுகளில் 30,000 கிலோமீட்டர். பத்துக் கோடி ஆண்டுகளில் 30 லட்சம் கிலோமீட்டர். சிறிய கல் வேகமாக நகரும், பெரிய கல் மெதுவாக நகரும். அதனால் பழைய குடும்பத்தின் உறுப்பினர்களை அளவுக்கும் சூரியத் தூரத்துக்கும் எதிராக வரைந்தால், பெரியவை நடுவில் நிற்க, சிறியவை இரு பக்கமும் விலகி, கூரை முகடு மாதிரி ஒரு வடிவம் வரும். அந்தக் கூரை எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவு வயது. இந்தத் தள்ளலை நேரடியாக அளந்தும் காட்டிவிட்டார்கள். 1991 முதல் 2003 வரை கோலெவ்கா என்ற சிறுகோளை அரெசிபோ ரேடாரால் பார்த்தபோது, வெறும் ஈர்ப்பு விசைக் கணக்கு சொன்ன இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

இளம் குடும்பமாக இருந்தால் இன்னும் நுணுக்கமான வழி உண்டு. ஒரே நேரத்தில் பேருந்து நிலையத்தை விட்டுக் கிளம்பிய பேருந்துகளின் இப்போதைய இடமும் வேகமும் தெரிந்தால், பின்னோக்கிக் கணக்குப் போட்டு எல்லாம் ஒரே மேடையில் நின்ற நேரத்தைச் சொல்லிவிடலாம். 2002இல் கரின் என்ற சிறுகோளைச் சுற்றிய கூட்டத்துக்கு டேவிட் நெஸ்வோர்னியும் தோழர்களும் இதையே செய்தார்கள். இப்போது வெவ்வேறு திசையில் திரும்பி நிற்கும் பாதைகள், கணினியில் 58 லட்சம் ஆண்டுகள் பின்னால் போனதும் ஒரே திசையில் வந்து நின்றன. கொரோனிஸ் குடும்பத்துக்குள்ளேயே நடந்த இரண்டாம் பாகப்பிரிவினை அது.

பங்காளிச் சண்டைக்கும் பூமிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வெயில் நகர்த்தும் கற்கள் எப்போதாவது வியாழனின் ஒத்ததிர்வு மண்டலத்தில் வந்து விழுகின்றன. வியாழன் ஒரு சுற்றுச் சுற்றும்போது சரியாக மூன்று சுற்றுச் சுற்றும் இடம் அப்படி ஒன்று. ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவதுபோல வியாழன் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இழுக்க, பாதை நீண்டு நீண்டு பூமியின் பாதையை வெட்டும் அளவுக்கு வந்துவிடும். அந்த இடம் பட்டையில் காலியாகக் கிடப்பதற்கும், நம் வயல்களில் விண்கல் விழுவதற்கும் காரணம் ஒன்றே.

1996 ஜூன் 20 அன்று ராஜஸ்தானின் பீப்லியா கலான் என்ற ஊரில் ஒரு கல் விழுந்தது. உருகி உறைந்த எரிமலைப் பாறையைப் போன்ற வகை. அந்த வகைக் கற்கள் வெஸ்டா என்ற பெரிய சிறுகோளிலிருந்தும் அதன் குடும்பத்திலிருந்தும் வருபவை. 1993இல் பின்சலும் சூவும் வெஸ்டாவிலிருந்து அந்த ஒத்ததிர்வு மண்டலம் வரை சிறு வெஸ்டாக்கள் வரிசையாகக் கிடப்பதைக் காட்டியிருந்தார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்ரீனிவாசன், கோஸ்வாமி, பண்டாரி மூவரும் பீப்லியா கலான் கல்லைச் சோதித்து, அழிந்துபோன அலுமினியம் 26இன் தடயத்தை 1999இல் அறிவித்தார்கள். ஏழு லட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும் அணு அது. அதன் தடயம் இருக்கிறது என்றால், அந்தத் தாய்க் கல் சூரியக் குடும்பம் பிறந்த சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே உருகி உறைந்திருக்க வேண்டும். உருக்கிய சூடும் அந்த அணுவிடமிருந்தே வந்திருக்கும். இந்தியர்கள் கையால் நடந்த விண்கல் ஆய்வுகளில் இதைவிட அழகானதாக எதையும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

நம் பக்கத்துக் கல்லும் உண்டு. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் நூறு கிலோவுக்கு மேல் கற்கள் விழுந்தன. விண்கல் வகைப்பாட்டில் எல்எல் வகை. அந்த வகையின் ஊர் ஃபுளோரா குடும்பம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இடோகாவாவும் அதே வகைக் கல். 1976இல் குஜராத்தின் தஜாலாவில் விழுந்தது எச் வகை. பூமியில் விழும் கற்களில் 70 சதவீதம் கரின், கொரோனிஸ், மசாலியா ஆகிய மூன்று குடும்பங்களில் அண்மையில் நடந்த உடைவுகளிலிருந்தே வருகின்றன என்று 2024இல் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன. அண்மை என்பது இங்கே 58 லட்சம், 76 லட்சம், நான்கு கோடி ஆண்டுகள். அப்படிப் பார்த்தால் எச் வகையான தஜாலாவின் கல்லுக்குச் சொந்த ஊர் கரின் அல்லது கொரோனிஸ் பக்கமாக இருக்கக்கூடும்.

விழுந்த கல்லுக்குக் குடும்பம் தேடும் இந்த வழி எப்போதும் சரியான வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று இல்லை. தளேகாவைச் சுற்றியுள்ள மலைகளில் நடந்தால் காலடியில் கிடப்பது தக்காணத்தின் கறுப்பு எரிமலைப் பாறை. அந்த எரிமலைகள் குமுறிய அதே காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவின் சிக்சுலூப்பில் ஒரு சிறுகோள் விழுந்தது, டைனோசர்கள் அழிந்தன. அந்தச் சிறுகோள் பாப்டிஸ்டினா குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பம் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்தது என்று 2007இல் ஒரு கணக்கு வந்தது. உலகமே பேசியது. 2011இல் அகச்சிவப்பு விண்தொலைநோக்கி அந்தக் கற்களின் அளவைச் சரியாக அளந்தபோது குடும்பத்தின் வயது 8 கோடியாகச் சுருங்கியது. சிக்சுலூப் வந்துசேர அந்தக் காலம் போதாது. 2024இல் ருத்தேனியத்தை ஆராய்ந்தவர்கள், விழுந்தது வியாழனுக்கு அப்பால் உருவான கரிமக் கல் வகை என்றார்கள். பாப்டிஸ்டினா மீதிருந்த பழி ஏறத்தாழ நீங்கிவிட்டது. வயதைக் கணக்கிட, அளவு தெரிய வேண்டும். அளவில் பிழை வந்தால் கூரை முகடும் தப்பாகவே விரியும்.

வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் சிறுகோள் ஜோடிகளைப் பிறப்பிக்கிறது. பனையோலைக் காற்றாடியைக் காற்று சுழற்றுவதுபோல, கோணல்மாணலான சிறு கல்லை அதன் மேல் பட்டுத் திரும்பும் ஒளியும் வெப்பமும் சுழற்றுகின்றன. 2007இல் ஒரு சிறுகோளில் இதை அளந்தார்கள். 12 நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் அந்தக் கல்லின் நாள், ஆண்டுக்கு ஒரு மில்லிநொடி குறைந்துகொண்டிருந்தது. அது சின்னக் கல். இறுகிய பாளமாக இருக்கலாம். ஜல்லிக் குவியல் அந்த வேகத்தைத் தாங்காது. சில நூறு மீட்டரைத் தாண்டிய சிறுகோள்களில் 2.2 மணி நேரத்துக்குக் குறைவாகச் சுற்றுவது மிக அரிது. அதைத் தாண்டினால் நடுக்கோட்டில் இருக்கும் கல் அதன் ஈர்ப்பிலிருந்து கழன்றுவிடும். ராட்டினம் வேகம் எடுக்கையில் கைப்பிடி தளர்ந்தவர் நிலை அது.

கழன்ற துண்டு முதலில் தாய்க் கல்லைச் சுற்ற ஆரம்பிக்கிறது. தாயின் சுழற்சியிலிருந்து ஆற்றலை வாங்கி, மெல்ல வெளியேறிச் சூரியனைச் சுற்றும் தனிக் கல்லாகிவிடுகிறது. பிரியும்போது அதன் வேகம் மெதுவாக நடப்பவரின் வேகத்தைப் போலத்தான். மோதலில் பிறந்த குடும்பத்துக்கும் இப்படிப் பிறந்த ஜோடிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுவே. 2008இல் வோக்ரூலிக்கியும் நெஸ்வோர்னியும் பட்டையில் ஏறக்குறைய ஒரே பாதையில் போகும் ஜோடிகள் சுமார் 60 இருப்பதைக் கண்டார்கள். யாரும் எதிர்பார்க்காத எண்ணிக்கை. ஆறாயிரத்து எழுபதாம் எண்ணுள்ள ரைன்லாந்து என்ற சிறுகோளும் அதன் துணையும் ஏறத்தாழ 17 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒன்றாக இருந்தன என்று கணக்கு சொல்கிறது.

மோதாமல் சுழற்சியால் பிரிந்தது என்பதற்கு என்ன சாட்சி? செக் நாட்டின் ஒண்ட்ரெயோவ் ஆய்வகத்தில் பெட்ர் பிராவெக் 2010இல் வெளியிட்ட ஆய்வு, எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையின் மிகத் தெளிவான சாட்சி. அவரும் உலகெங்கும் இருந்த தோழர்களும் 35 ஜோடிகளில் பெரிய கல் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று ஒளி கூடிக் குறைவதை வைத்து அளந்தார்கள். பெரிய தொலைநோக்கி வேண்டாத வேலை அது. பொறுமை மட்டும் நிறைய வேண்டும். துண்டு சின்னதாக இருந்தால் தாய் வேகமாகவே சுழல்கிறது. துண்டு பெரிதாக இருந்தால் தாய் களைத்துப் போயிருக்கிறது: துண்டை அனுப்புவதற்குத் தன் சுழற்சியிலிருந்து அவ்வளவு கொடுத்திருக்கிறது. துண்டின் எடை தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தாயால் அதை அனுப்ப முடியாது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே கிடக்கும். கணக்கு முன்கூட்டிச் சொன்ன அந்த எல்லை, 35 ஜோடியிலும் அப்படியே நின்றது.

2019இல் அமெரிக்கத் தேடல் தொலைநோக்கிகள் பூமிக்குப் பக்கத்தில் வரும் இரண்டு சிறுகோள்களைக் கண்டன. ஒன்று ஒரு கிலோமீட்டர் அகலம், மற்றது அதில் பாதி. பாதைகள் அச்சடித்ததுபோல ஒன்றாக இருந்தன. பெட்ர் ஃபட்காவும் தோழர்களும் 2022இல் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். வெறும் ஈர்ப்பு போதவில்லை. வெயிலின் தள்ளலைச் சேர்த்தும் சரியாக வரவில்லை. பிரிந்த பின் சில காலம் அவை வால்மீனைப் போல வாயுவைக் கக்கியிருந்தால்தான் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன. சந்தித்தது ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன். கண்டேராவ் தாபாடே 1729இல் இறந்தார். அவர் மகன் திரிம்பக்ராவ் 1731இல் டபோய்ப் போரில் விழுந்தார். அதன் பிறகு அவர் தாய் உமாபாய் சேனாபதி பொறுப்பை ஏற்றார். தளேகாவில் அந்தக் குடும்பம் பெரிய வாழ்வு வாழ்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளை ஒட்டி, பூமிக்குப் பக்கத்தில் வந்துபோகும், வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த ஒரு கல்லின் நடுக்கோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் துண்டு ஒன்று, நடக்கிற வேகத்தில், விலகிப் போனது.